பிரித்தவர்கள் யார்?

ராக்கபிலி இசையைப் பற்றி எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் முதல் அத்தியாயத்திலேயே ஒரு வாய்ப்பாடு காத்திருக்கும். வெள்ளைக்காரர்களின் கன்ட்ரி இசை ஓர் ஆறு. கறுப்பர்களின் ப்ளூஸ் இன்னோர் ஆறு. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் ஓடிக்கொண்டிருந்தன. 1954 ஜூலை 5-ஆம் தேதி இரவு, மெம்ஃபிஸ் நகரத்தில் சாம் ஃபிலிப்ஸ் நடத்திய சன் ஸ்டூடியோவில், எல்விஸ் பிரெஸ்லி என்ற பத்தொன்பது வயதுப் பையன் இரண்டையும் ஒன்றாக்கினான், ராக்கபிலி பிறந்தது. பிறந்த தேதி, பிறந்த ஊர், பிரசவம் பார்த்தவர் பெயர் எல்லாம் கச்சிதமாக இருக்கும். ஜாதகம் கணிக்காததுதான் பாக்கி.

இந்தக் கதைக்குக் கோபக்காரப் பதிப்பு ஒன்றும் உண்டு. அதன்படி யாரும் எதையும் கலக்கவில்லை. கறுப்பர்களின் இசையை வெள்ளைப் பையன்கள் திருடினார்கள், அவ்வளவுதான். முதல் கட்சி ஃபிலிப்ஸுக்கும் பிரெஸ்லிக்கும் மாலை போடுகிறது. இரண்டாவது கட்சி அதே இருவர் மீது குற்றப்பத்திரிகை வாசிக்கிறது. எழுபது ஆண்டுகளாக இந்த வழக்கு நடக்கிறது. ஆனால் இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் சண்டை போட்டதே இல்லை: 1954-க்கு முன்பு இரண்டு இசைகள் தனித்தனியாக இருந்தன, நடுவில் சுவர் இருந்தது என்பதில். நான் மறுப்பது அந்த ஒற்றுமையைத்தான்.

மறுப்பதற்கு எல்விஸ் உதவமாட்டார். அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு எப்படியும் இடுப்புக்கும் தலைமுடிக்கும் போய்விடும். கார்ல் பெர்கின்ஸை எடுத்துக்கொள்வோம். ‘ப்ளூ ஸ்வேட் ஷூஸ்’ பாட்டை எழுதி முதலில் பாடியவர் அவர்தான். அதை எல்விஸின் பாட்டு என்று நம்புகிறவர்கள் இன்றும் ஏராளம்.

பெர்கின்ஸ் 1932 ஏப்ரல் 9-ஆம் தேதி, டென்னசி மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய டிப்டன்வில்லில் பிறந்தார். அப்பாவுக்குக் கையகல நிலம் கிடையாது; அடுத்தவர் பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழுத குடும்பம். பையன்களும் பள்ளிக்கூட நேரம் போக மற்ற நேரமெல்லாம் பருத்தி எடுத்தார்கள். கூட வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். குனிந்து பருத்தி எடுத்தபடியே ஒரு வரிசையில் ஒருவர் பாட்டை எடுத்துக்கொடுக்க, அடுத்த வரிசைக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள். பகலெல்லாம் காதில் விழுந்தது இது. சனிக்கிழமை இரவு வீட்டு ரேடியோவில் நாஷ்வில்லின் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ நிகழ்ச்சி. ராய் ஏக்கஃப், பில் மன்றோ. ஒரே பையன், ஒரே காது, ஒரே வாரம்.

முதல் கிட்டார், அப்பா சுருட்டுப் பெட்டியையும் துடைப்பக் கட்டையையும் சேர்த்து அடித்துக் கொடுத்தது. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடம் சில டாலருக்கு ஓர் அடிபட்ட கிட்டாரை வாங்கினார்கள். அதை எப்படி வாசிப்பது என்று காட்டிக்கொடுத்தவர் ஜான் வெஸ்ட்புரூக். அதே பண்ணையில் பருத்தி எடுத்த வயதான கறுப்பினத் தொழிலாளி. பெர்கின்ஸ் கடைசிவரை அவரை ‘அங்கிள் ஜான்’ என்றே சொல்லிவந்தார். மாலையில் வேலை முடிந்ததும் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்வான் பையன். கிட்டாரின் மேல் தலையைச் சாய்த்துக்கொள், தந்தியின் அதிர்வு மண்டை வழியாக உள்ளே இறங்கட்டும் என்பது கிழவர் சொல்லிக்கொடுத்த பாடங்களில் ஒன்று.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சமாசாரம் ஒன்று இருக்கிறது. தந்தி அறுந்தால் புதுத் தந்தி வாங்கக் காசில்லை. அறுந்த இரண்டு முனைகளையும் முடிச்சுப் போட்டு மறுபடி ஏற்றிவிடுவான் பையன். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போக விரலைத் தந்தியின் மேலேயே சறுக்கிக்கொண்டு போனால் முடிச்சு விரலைக் கிழிக்கும். அதனால் விரலை நகர்த்தாமல், இருந்த இடத்திலேயே தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி இழுத்து வேண்டிய சுரத்துக்கு ஏற்றப் பழகினான். தந்தி இழுபடும்போது ஒலி படியேறாமல் வழுக்கிக்கொண்டு மேலே போகும். இரண்டு சுரங்களுக்கு நடுவில், எந்தப் பியானோக் கட்டையிலும் அகப்படாத இடத்தில், தொங்கி நிற்கும். ப்ளூஸின் உயிரே அந்த இடம்தான். வெஸ்ட்புரூக்கின் திண்ணையில் கேட்டது பாதி, முடிச்சுப் போட்ட தந்தி கற்றுக்கொடுத்தது பாதி. அந்தக் கையால் பையன் வாசிக்கப் பார்த்ததோ ரேடியோவில் கேட்ட ஏக்கஃபின் பாட்டை.

இதில் எங்கே கன்ட்ரி முடிகிறது, எங்கே ப்ளூஸ் தொடங்குகிறது? எந்த விரலில் எது இருந்தது? கலந்தார் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அவரிடம் இரண்டு தனித்தனிப் பாத்திரங்கள் இருந்திருக்க வேண்டும். அவரிடம் இருந்தது ஒரு கிட்டார். இத்தனையும் நடந்தபோது எல்விஸுக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை; சன் கம்பெனி பிறக்கவே இல்லை. பிறகு, 1954-இல், ஜாக்சன் நகரத்து மதுக்கடைகளில் தம்பியும் அண்ணனும் கூட வாசிக்க, டபுள்யூ. எஸ். ஹாலண்ட் டிரம்ஸ் தட்ட, பெர்கின்ஸ் ஏற்கெனவே வயிறு வளர்த்துக்கொண்டிருந்தார். ரேடியோவில் எல்விஸின் ‘ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி’ வந்தபோது, இது உங்கள் பாட்டு மாதிரியே இருக்கிறதே என்று மனைவி வால்டா சொன்னதாக அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். புதிதாக ஒன்று பிறந்துவிட்டது என்று அந்த வீட்டில் யாரும் திகைக்கவில்லை. நாம் வாசிப்பதற்கும் இசைத்தட்டுப் போட ஆள் இருக்கிறதா, அப்படியானால் மெம்ஃபிஸுக்கு வண்டியைக் கட்டு என்றுதான் கிளம்பினார்கள்.

ஒரு பெர்கின்ஸை வைத்துக்கொண்டு சுவரே இல்லை என்று சாதிக்கலாமா, அவர் விதிவிலக்காக இருந்திருக்கக் கூடாதா என்று கேட்பார்கள். சரி, விதி எது என்று பார்ப்போம். ‘ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி’யை எழுதிய பில் மன்றோவை, வெள்ளைக்கார மலைநாட்டு இசையின் பிதாமகன் என்பார்கள். அவர் சிறுவயதில் யாருக்குப் பின்னணி வாசித்தார்? கென்டக்கியின் கறுப்பினக் கிட்டார் கலைஞர் ஆர்னால்ட் ஷுல்ட்ஸுக்கு. தான் ஷுல்ட்ஸிடம் கற்றதை மன்றோ மறைத்ததே இல்லை. ஹாங்க் வில்லியம்ஸுக்கு அலபாமாவில் வித்தை சொல்லிக்கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகர். கார்ட்டர் குடும்பத்தின் ஏ. பி. கார்ட்டர் மலைக் கிராமங்களில் பாட்டுத் தேடி அலைந்தபோது கூடவே சென்று மெட்டுகளை மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்தவர் லெஸ்லி ரிடில், அவரும் கறுப்பினத்தவர். கன்ட்ரி இசையின் தந்தை என்று பட்டம் பெற்ற ஜிம்மி ராட்ஜர்ஸ் தம் பாட்டுகளுக்கு வைத்த பெயரே ‘ப்ளூ யோடல்’. 1930-இல் அவற்றில் ஒன்பதாவதைப் பதிவுசெய்தபோது டிரம்பெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருந்தது. சிகாகோ ப்ளூஸின் கர்ஜனை ஹௌலின் உல்ஃப், ராட்ஜர்ஸின் யோடலைப் பாட முயன்று வராமல் போனதில் வந்ததுதான் தன் ஊளை என்று சொல்லியிருக்கிறார். சக் பெரியின் ‘மேபலீன்’, ‘ஐடா ரெட்’ என்ற பழைய ஃபிடில் பாட்டிலிருந்து கிளம்பியது. விதி என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த சாட்சி ‘மிஸ்ட்ரி டிரெயின்’. எல்விஸ் 1955-இல் பாடியது. ராக்கபிலியின் உச்சம் என்று இரண்டு கட்சியும் ஒப்புக்கொள்ளும் பாட்டு. முதலில் அதைப் பாடியவர் ஜூனியர் பார்க்கர், கறுப்பினப் ப்ளூஸ் பாடகர். 1953-இல், அதே சன் கம்பெனிக்கு. பார்த்தாயா, கறுப்பர் பாட்டை வெள்ளையர் எடுத்துக்கொண்டார் என்று சூத்திரம் குதிக்கும். கொஞ்சம் பொறுத்தால், அந்தப் பாட்டின் சில வரிகள் கார்ட்டர் குடும்பம் 1930-இல் பதிவுசெய்த ‘வரீட் மேன் ப்ளூஸ்’ பாட்டில் கிடக்கும். அப்படியானால் மூலம் வெள்ளையர்களுடையதா? கார்ட்டர் குடும்பத்தின் பாட்டு மூட்டையைக் கட்டுவதற்கு உதவியவர் ரிடில் என்று இப்போதுதான் சொன்னேன். தவிர, அவர்கள் வைத்த தலைப்பிலேயே ப்ளூஸ் இருக்கிறது. இந்த நூலைப் பிடித்துக்கொண்டு மூலம் தேடிப் போகிறவர் திரும்பி வரமாட்டார்.

சரி, சுவர் இசையில் இல்லை என்றால் வேறெங்கே இருந்தது? வேறெல்லா இடத்திலும் இருந்தது. பள்ளிக்கூடத்தில், பேருந்தில், தண்ணீர்க் குழாயில், வாக்குச்சாவடியில், மயானத்தில். டென்னசியின் பருத்திக் காட்டைச் சமத்துவபுரமாக்குவது என் நோக்கமில்லை. வெஸ்ட்புரூக்கும் பெர்கின்ஸ் குடும்பமும் ஒரே வறுமையில் கிடந்தார்கள். ஆனால் அந்த வறுமையிலிருந்து வெளியே போகும் கதவு ஒரே அளவு திறக்கவில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: காதுக்கு அந்தச் சுவர் தெரியாது. அதை இசைக்குள் கொண்டுவந்து கட்டியவர்கள் இசைத்தட்டு வியாபாரிகள்.

1920-இல் மேமி ஸ்மித்தின் ‘கிரேஸி ப்ளூஸ்’ எதிர்பாராத அளவுக்கு விற்றதும், கறுப்பர்களும் இசைத்தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகளுக்கு உறைத்தது. உடனே அவர்களுக்கென்று தனிப் பட்டியல், தனி விளம்பரம், ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்று தனிப் பெயர். சில ஆண்டுகளில் வெள்ளைக்கார நாட்டுப்புறத்தாருக்கு இன்னொரு பட்டியல். கொலம்பியா கம்பெனியில் கறுப்பர்களின் தட்டுகளுக்கு 14000-இல் தொடங்கும் எண்கள், வெள்ளையர்களின் பழைய பாட்டுகளுக்கு 15000-இல் தொடங்கும் எண்கள். கன்ட்ரி, ப்ளூஸ் என்று இன்று நாம் இயற்கையின் இரண்டு படைப்புகளைப் போலப் பேசும் பிரிவினையை வளர்த்து நிறுத்தியவை இந்த விற்பனைப் பட்டியல்களே. கறுப்பர் ஃபிடில் வாசித்தால், அது பட்டியலில் பொருந்தாது, வேண்டாம், ப்ளூஸ் பாடு. ஊருக்கு ஊர் நடனங்களுக்கு எல்லாம் வாசித்துவந்த கறுப்பினத் தந்திக் குழுக்கள் தட்டுகளில் அரிதாகவே கேட்கக் காரணம் இது. அப்படித் தப்பித்து வந்த மிசிசிப்பி ஷீக்ஸ் 1930-இல் பதிவுசெய்த ‘சிட்டிங் ஆன் டாப் ஆஃப் த வேர்ல்ட்’ பாட்டை அப்புறம் பாப் வில்ஸும் பாடினார், மன்றோவும் பாடினார், ஹௌலின் உல்ஃபும் பாடினார்.

கம்பெனிக்காரர்களின் காதுக்காவது வித்தியாசம் தெரிந்ததா? ஆலன் பிரதர்ஸ் என்று டென்னசி வெள்ளைக்காரச் சகோதரர்கள் இருவர். 1927-இல் அவர்கள் பாடிய ப்ளூஸ் தட்டு ஒன்றைக் கொலம்பியா 14000 வரிசையில், அதாவது கறுப்பர்கள் பட்டியலில், வெளியிட்டுவிட்டது. சகோதரர்கள் கொதித்துப்போய் வழக்கு என்று கிளம்பி, கடைசியில் விக்டர் கம்பெனிக்கு மாறிக்கொண்டார்கள். அவமானம் அவர்களுக்கு எதில் என்பது வேறு விஷயம். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் சுவர் கட்டிய கொத்தனாருக்கே எந்தப் பக்கம் எது என்று தெரியாமல் போன இந்தச் சம்பவத்துக்கு, ஆறுகள் கதையில் இடமே இல்லை.

சாம் ஃபிலிப்ஸுக்கு வருகிறேன். அவர் காது நல்ல காது, மறுக்க மாட்டேன். 1950-இல் கடை திறந்து, பி. பி. கிங்கையும் ஹௌலின் உல்ஃபையும் வேறு யாரும் கண்டுகொள்ளாத காலத்தில் பதிவுசெய்தவர். இரண்டு டேப் இயந்திரங்களை இணைத்து, ஒரு நொடியில் சிறு பங்கு தாமதத்தோடு குரல் திரும்பி வந்து மோதும்படி அவர் அமைத்த எதிரொலி சன் தட்டுகளுக்கு முகவரியாகிவிட்டது. ஆனால் அவரும் வியாபாரிதான். பெர்கின்ஸ் 1954 கடைசியில் அவர் வாசலுக்கு வந்தபோது என்ன நடந்தது? துள்ளல் பாட்டுக்கு எல்விஸ் இருக்கிறார், நீ கன்ட்ரி பாடு என்றார். 1955-இல் வந்த பெர்கின்ஸின் முதல் தட்டில் ஒரு பக்கம் ‘டர்ன் அரவுண்ட்’, ஹாங்க் வில்லியம்ஸ் பாணி அழுகைப் பாட்டு. அந்த நவம்பரில் எல்விஸின் ஒப்பந்தத்தை ஃபிலிப்ஸ் ஆர்சிஏ கம்பெனிக்கு விற்றார். இடம் காலியானது. டிசம்பர் 19-ஆம் தேதி பெர்கின்ஸ் ‘ப்ளூ ஸ்வேட் ஷூஸ்’ பதிவுசெய்தார். ஒரு வருஷத்துக்குள் ஒரு மனிதன் கன்ட்ரிக்காரனாக இருந்து ராக்கபிலிக்காரனாக மாறிவிட்டான். அவன் கையோ தொண்டையோ மாறவில்லை, கடையில் அலமாரித் தட்டு மாறியது. 1956-இல் அந்தப் பாட்டு பாப், கன்ட்ரி, ரிதம் அண்ட் ப்ளூஸ் என்று பில்போர்டு பத்திரிகையின் மூன்று பட்டியல்களிலும் உச்சத்தைத் தொட ஏறியபோது, வாங்கிய மக்களும் அதையே சொன்னார்கள்.

ராக்கபிலியின் முத்திரை என்று கொண்டாடப்படும் இன்னொன்று, டபுள் பேஸ் தந்தியை இழுத்துப் பலகையில் அறைந்து எழுப்பும் ‘ஸ்லாப்’ தாளம். நியூ ஆர்லியன்ஸின் கறுப்பின ஜாஸ் கலைஞர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அதில் கைதேர்ந்திருந்தார்கள். கன்ட்ரி மேடையில் அது வெகுகாலமாகக் கோமாளி வேஷம் போட்ட பேஸ்காரர்களின் சேட்டை. எல்விஸுக்கு வாசித்த பில் பிளாக் வந்தது அந்த வழியில். அதனால் அது யாருடையது என்று கேட்டால் மறுபடி அதே காட்டில் அலைய வேண்டியதுதான்.

இப்படிச் சொல்வது கறுப்பர்களின் பங்கைக் கரைத்துவிடாதா? நியாயமான பயம். எல்லாம் எல்லாருடையது என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் எதையாவது மறைக்கத்தான் பேசுகிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். பழைய சூத்திரம் கறுப்பர்களுக்குப் பாதி கொடுக்கிறது: ப்ளூஸ் உங்களுடையது, கன்ட்ரி எங்களுடையது. ஷுல்ட்ஸ், பெய்ன், ரிடில் இவர்களை வரலாற்றில் சேர்த்தால் அந்த ‘எங்களுடைய’ பாதிக்குள்ளும் அவர்கள் கை இருக்கிறது. கறுப்பர்களுக்குக் குறைத்துக் கொடுப்பது யார்? கிராண்ட் ஓல் ஆப்ரியின் தொடக்க கால நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி, கறுப்பின ஹார்மோனிகா கலைஞர். 1941-இல் அவரை நீக்கினார்கள். பிழைப்புக்கு நாஷ்வில்லில் ஷூ பாலிஷ் கடை வைத்திருந்தார். கன்ட்ரி வெள்ளையருடையது என்று எழுதும் ஒவ்வொரு பேனாவும் அந்த வெளியேற்றத்துக்கு இன்னொரு முறை கையெழுத்துப் போடுகிறது. பிக் ஆல் டௌனிங் என்ற கறுப்பினப் பியானோக்காரர் 1958-இலேயே வெள்ளைக் குழுவோடு சேர்ந்து ராக்கபிலி வாசித்தவர். வாண்டா ஜாக்சனின் ‘லெட்ஸ் ஹேவ் எ பார்ட்டி’யில் கேட்கும் பியானோ அவருடையது. சூத்திரத்தில் அவர் எந்தப் பக்கம் நிற்பார்?

அப்படியானால் திருட்டே நடக்கவில்லையா? நடந்தது. திண்ணையில் நடக்கவில்லை, காகிதத்தில் நடந்தது. பெர்கின்ஸையே எடுங்கள், அவருக்காக வாதாடிவிட்டு இதை விட்டுவிட முடியாது. 1956 டிசம்பர் 4-ஆம் தேதி, ஜெர்ரி லீ லூயிஸ் பியானோவில் உட்கார, பெர்கின்ஸ் ‘மாட்ச்பாக்ஸ்’ பதிவுசெய்தார். அப்பா நினைவிலிருந்து எடுத்துக்கொடுத்த சில வரிகளை வைத்துப் பாட்டைக் கட்டினேன் என்பது அவர் சொன்னது, நம்பாமலிருக்கக் காரணமில்லை. ஆனால் அந்த வரிகளைப் பார்வையற்ற ப்ளூஸ் பாடகர் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் 1927-இலேயே தட்டில் பாடியிருந்தார். அதற்கும் மூன்று ஆண்டு முன்பு மா ரெய்னியின் ஒரு பாட்டில் அந்தத் தீப்பெட்டி உருவகம் வந்துவிட்டது. வாய்வழி வந்த பாட்டுக்குச் சொந்தக்காரர் கிடையாது. தட்டின் லேபிளிலோ சொந்தக்காரர் இருந்தாக வேண்டும். அங்கே ‘பெர்கின்ஸ்’ என்று அச்சானது. 1964-இல் பீட்டில்ஸ் அதைப் பாடியபோது, பெர்கின்ஸ் அந்த லண்டன் ஸ்டூடியோவில் கூடவே இருந்தார்; ராயல்டி அவர் பெயருக்கு. அதே ஆண்டு பீட்டில்ஸ் பாடிய ‘எவ்ரிபடிஸ் டிரையிங் டு பி மை பேபி’யும் பெர்கின்ஸ் பெயரில்தான். அந்தப் பாட்டை 1936-இல் பதிவுசெய்தவர் ரெக்ஸ் கிரிஃபின், வெள்ளைக்காரக் கன்ட்ரி பாடகர். காகிதம் நிறம் பார்க்காமலும் விழுங்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் பசி இரு பக்கமும் சமமாக இல்லை. கறுப்பினக் கலைஞர்களைக் கொண்டு கட்டிய சன் கம்பெனி, எல்விஸ் வந்த பிறகு அவர்களை அப்படியே கைவிட்டது; அந்தக் கம்பெனிக்கு முதல் வெற்றியைக் கொடுத்த ரூஃபஸ் தாமஸ் அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. வெஸ்ட்புரூக்கிடம் கற்ற பையனின் குரல் உலகம் சுற்றியது. வெஸ்ட்புரூக் பாடியதைப் பதிவுசெய்ய ஒரு இயந்திரமும் அந்தத் திண்ணைக்கு வரவில்லை.

எல்விஸ் ஆர்தர் க்ரூடப்பின் ‘தட்ஸ் ஆல் ரைட்’ பாட்டைப் பாடினான், அதுதான் திருட்டு என்று கை நீட்டுகிறவர்கள் விரலை இன்னும் கொஞ்சம் நகர்த்த வேண்டும். க்ரூடப் அந்தப் பாட்டைப் பதிவுசெய்தது 1946-இல். எல்விஸ் பாடிய தட்டிலும் பாடலாசிரியர் என்று அவர் பெயர் இருந்தது. பணம் அவர் கைக்கு வரவில்லை. அவருடைய மேலாளர் லெஸ்டர் மெல்ரோஸும், பின்னர் பாட்டின் உரிமை வைத்திருந்த பதிப்பகங்களும் இருந்த பாதையில் அது எங்கெங்கோ நின்றுவிட்டது. க்ரூடப் பாடுவதை விட்டு, பண்ணை வேலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வேலை பார்த்தார். 1971-இல் ஒரு சமரசம் பேசி முடித்தார்கள்: அறுபதாயிரம் டாலர். க்ரூடப் தம் பிள்ளைகளோடு நியூயார்க் போய், ஹில் அண்ட் ரேஞ்ச் பதிப்பக அலுவலகத்தில் எல்லாக் காகிதங்களிலும் கையெழுத்துப் போட்டார். காகிதத்தை மாடிக்கு எடுத்துச் சென்றவர், முதலாளி கையெழுத்துப் போட மறுத்துவிட்டார் என்ற பதிலோடு இறங்கி வந்தார். வழக்குப் போட்டால்கூட இவ்வளவு கொடுக்க வேண்டியிருக்காதே என்பது அவர்கள் கணக்கு. க்ரூடப் 1974-இல் இறந்தார். அந்தப் பதிப்பகத்தைச் சாப்பல் கம்பெனி வாங்க வந்தபோது, தீராத வில்லங்கம் இருந்தால் விற்பனை நடக்காது என்ற நிலை வந்தது. பணம் அப்போதுதான் வெளியே வந்தது, வாரிசுகளுக்கு.